ட்ரோலிங் மோட்டர் வாங்கப் போகிறீர்களா? திருகோணமலைக் கடலுக்கு ஏற்றதைத் தெரிவு செய்யும் முறை

பைபர் போட் வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி விசாரிப்பது பற்றரியில் ஓடும் இந்தச் சின்ன மோட்டரைப் பற்றித்தான். சத்தம் இல்லை, புகை இல்லை, பெற்றோல் செலவு இல்லை. இரவில் கணவாய்க்குப் போனால் மீன் கலையாது. எல்லாம் உண்மைதான். ஆனால் கடைக்குப் போய் "எது நல்லது?" என்று கேட்டால், எது கையிருப்பில் இருக்கிறதோ அதுதான் நல்லது என்று பதில் வரும். அதனால் வீட்டிலேயே சில கணக்குகளைப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் கணக்கு இது. கடைகளில் அதிகம் விற்கும் 12 வோல்ட், 55 இறாத்தல் தள்ளுவிசை கொண்ட மோட்டர் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் இழுக்கும். 12ஐ 50ஆல் பெருக்கினால் 600 வாட். ஒரு குதிரைவலு என்பது 746 வாட். உங்கள் போட்டின் பின்னால் தொங்கும் எஞ்சின் 15 அல்லது 25 குதிரைவலு. இதுவோ ஒன்றுகூட இல்லை. பெயரில் உள்ள 'ட்ரோலிங்' என்றால் தூண்டிலை இழுத்துக்கொண்டு ஓடுவது. ஆனால் அறுக்குளாவுக்கும் சூரைக்கும் அப்படி ஓட 5 நொட்ஸுக்கு (மணிக்கு 5 கடல்மைல்) குறையாத வேகம் வேண்டும். பாரமான போட்டில் இந்த மோட்டர் 3, 4 நொட்ஸைத் தாண்டாது. போட்டை முருகைக்கற் பார் ஓரத்தில் நிறுத்தி வைப்பது, கண்டல் ஓரமாக மெல்ல ஊர்வது, காற்றுக்கு முகம் கொடுத்துத் தூண்டில் போடுவது, இவைதான் இதன் வேலை. எஞ்சினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் நம்பிக் கடலுக்குப் போகும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து வாங்க வேண்டாம்.

படி 1: எந்தத் தண்ணீரில் ஓடப் போகிறீர்கள்?

திருகோணமலையில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில் இல்லை. உட்துறைமுகம், தம்பலகாமக் குடா, உப்பாறு, இறக்கக்கண்டிக் களப்பு எல்லாம் ஒதுக்கமான தண்ணீர். அங்கே சாதாரண 12 வோல்ட் மோட்டரே நன்றாக வேலை செய்யும். தம்பலகாமக் குடா ஆழம் குறைந்தது, கடற்புல்லும் உண்டு. அங்கே போகிறவர்கள் புல் சுற்றாத வகைப் புரொபெல்லர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது நல்லது. கொட்டியாரக் குடாவின் நடுப்பகுதியும் நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துத் திறந்த கடலும் வேறு கதை.

இங்கே பயப்பட வேண்டியது அலைக்கு மட்டுமல்ல, கச்சான் காற்றுக்கும்தான். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். சின்னப் போட்டில் யாரும் துணிந்து போவதில்லை. ஆனி, ஆடி, ஆவணியில் கடல் பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் கச்சான் தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரம் அலை எழாது என்பதால் காற்றின் பலம் தெரியாது. கொஞ்ச தூரம் வெளியே போனபிறகு திரும்பிவரப் பார்த்தால், 600 வாட் மோட்டர் முழுவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, போட் பின்னால் போய்க்கொண்டிருக்கும். அந்த மாதங்களில் மத்தியானத்துக்கு முன் கரை சேர்வதும், எஞ்சினை எப்போதும் ஆயத்தமாக வைத்திருப்பதும் மோட்டரின் விலையைவிட முக்கியம்.

இன்னொன்று: புறாமலை கடல்சார் தேசியப் பூங்கா. அந்த எல்லைக்குள் மீன் பிடிக்க முடியாது. சத்தமில்லாத மோட்டர் என்பது அதற்கான வழி அல்ல.

படி 2: மொத்தப் பாரத்தைக் கணக்கிடுங்கள்

தள்ளுவிசையை இறாத்தலில்தான் சொல்வார்கள். பொதுவாகச் சொல்லும் விதி, ஏற்றிய பாரத்தில் ஒவ்வொரு 45 கிலோவுக்கும் குறைந்தது 2 இறாத்தல். வெறும் போட்டின் பாரம் அல்ல, ஆளும் சாமானும் சேர்த்து.

ஒரு எடுத்துக்காட்டு. போட் 300 கிலோ, எஞ்சின் 40, இரண்டு பேர் 140, பற்றரி 30, பெற்றோல் 15, ஐஸ் பெட்டியும் மீனும் 60, நங்கூரம் கயிறு 15 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 600 கிலோ. 45ஆல் வகுத்து 2ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 27 இறாத்தல். இது காற்றும் நீரோட்டமும் இல்லாத குளத்துக்கான கணக்கு. நமது கடலுக்கு அதில் பாதியையாவது கூட்ட வேண்டும், 40 வருகிறது. கடையில் இருக்கும் அளவுகளில் 45 போதும், 55 என்றால் நிம்மதி.

அதற்கு மேலே போனால் வேகம் கூடும் என்று நினைக்க வேண்டாம். அதிக இறாத்தல் உள்ள மோட்டர் பாரத்தை நன்றாகத் தள்ளும், காற்றில் பிடித்து நிற்கும். உச்ச வேகத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது புரொபெல்லரின் வடிவமும் சுற்றும் வேகமும்தான். 55இலிருந்து 80க்கு மாறியவர்கள் பலர் வேகத்தில் வித்தியாசமே தெரியவில்லை என்று குறைப்படுவது இதனால்தான்.

படி 3: 12 வோல்டா, 24 வோல்டா?

55 இறாத்தல் வரை ஒரு 12 வோல்ட் பற்றரியில் ஓடும். 70, 80 இறாத்தல் என்றால் 24 வோல்ட். இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைக்க வேண்டும். இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயது. பழையதோடு புதியதைச் சேர்த்தால் புதியதும் சீக்கிரம் கெட்டுவிடும். 18, 19 அடிப் போட்டுக்கு, முதல் மோட்டராக, 12 வோல்டையே எடுங்கள் என்பது என் கருத்து.

படி 4: எங்கே பூட்டுவது, தண்டு எவ்வளவு நீளம்?

அணியத்தில், அதாவது போட்டின் முன்முனையில், பூட்டினால் போட்டை முன்னுக்கு இழுக்கும். காற்றில் திசை மாறாது. பின்பலகையில் பூட்டினால் பின்னாலிருந்து தள்ளும்; காற்று அணியத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும், நீங்களும் கைபிடியைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பின்பலகை வகை விலை குறைவு, இரண்டு திருகாணியை இறுக்கினால் வேலை முடிந்தது. நமது பைபர் போட்களின் அணியம் ஒடுக்கமாக, உயர்ந்து நிற்கும். அதில் மோட்டர் பூட்டத் தட்டையான இடம் கிடையாது. பலகையோ தகடோ வைத்துக் கட்டவேண்டிவரும். ஆகவே தொடக்கக்காரருக்குப் பின்பலகை போதும். எஞ்சினின் புரொபெல்லரில் தட்டாத அளவுக்குத் தள்ளிப் பூட்டுங்கள். ஒரு கயிற்றால் போட்டோடு கட்டியும் வையுங்கள். திருகாணி அதிர்ந்து கழன்றால் மோட்டர் நேரே அடியில்தான்.

தண்டின் நீளம் அங்குலத்தில் வரும். போட்டில் வழக்கமான பாரத்தை ஏற்றித் தண்ணீரில் விட்டு, பூட்டும் இடத்திலிருந்து நீர்மட்டம் வரை அளவெடுங்கள். அலைக்காக 5 அங்குலம் கூட்டுங்கள். அணியத்தில் பூட்டுவதானால் 16 முதல் 22 அங்குலம் வந்தால் 48 அங்குலத் தண்டு, 22 முதல் 28 வந்தால் 54. பின்பலகையில் 10 அங்குலத்துக்குள் என்றால் 30, 10 முதல் 16 என்றால் 36. தண்டு குட்டையாக இருந்தால் ஒவ்வோர் அலைக்கும் புரொபெல்லர் வெளியே வந்து காற்றில் சுற்றும்; அந்தச் சத்தத்துக்கே மீன் ஓடிவிடும். நீளம் கூடினால் பெரிய நட்டமில்லை, மேலே ஏற்றிப் பூட்டலாம்.

ஜிபிஎஸ் நங்கூரம் உள்ள வகைகள் போட்டைக் குறித்த இடத்தில் தானாகவே பிடித்து வைக்கும். முருகைக்கற் பார் மேல் நங்கூரம் போட்டுக் கல்லை உடைக்கத் தேவையில்லை. பணம் இருந்தால் அது நல்ல செலவு. ஆனால் காற்று கூடக்கூட அது பற்றரியையும் கூடத்தின்னும் என்பதை மறக்கக் கூடாது.

படி 5: உப்புத் தண்ணீருக்குச் செய்ததா?

நம்பகம் என்று நாம் தேடுவதில் பாதி இங்கேதான் இருக்கிறது. நன்னீர் மோட்டரும் கடல் மோட்டரும் வெளியே பார்க்க ஒரே மாதிரி, நிறம்தான் வேறு. கடல் வகை பெரும்பாலும் வெள்ளை. உள்ளே கதை வேறு. கடல் வகையில் மின்சுற்றுகள் நீர் புகாதபடி மூடப்பட்டிருக்கும், உலோகப் பகுதிகளுக்குத் தடித்த பூச்சு இருக்கும், புரொபெல்லர் அருகே ஒரு துத்தநாகத் துண்டு இருக்கும். உப்பு முதலில் அந்தத் துண்டை அரிக்கும். மோட்டரின் உடம்பு தப்பும். அதைத் தேய்ந்து பாதியானதும் மாற்ற வேண்டும். அதன்மேல் பெயின்ற் அடிக்கவே கூடாது, அடித்தால் அது வேலை செய்யாது.

மின் கோட்டா (Minn Kota) நிறுவனத்தின் ரிப்டைட் வரிசை கடலுக்கென்றே செய்தது. அதே நிறுவனத்தின் எண்டூரா நன்னீருக்கு. ஹாஸ்விங், வாட்டர்ஸ்னேக் போன்றவற்றிலும் கடல் வகைகள் உண்டு. பெயரைப் பார்த்து வாங்காமல் உத்தரவாத அட்டையை வாசியுங்கள். உப்புத் தண்ணீரில் பாவித்தால் உத்தரவாதம் செல்லாது என்று அதில் ஒரு வரி இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் அது கந்தளாய்க் குளத்துக்கான மோட்டர்தான்.

படி 6: பற்றரி

மோட்டருக்கு ஒதுக்கிய அளவு கவனத்தைப் பற்றரிக்கும் ஒதுக்குங்கள். கார், வான் பற்றரிகள் ஒரு சில விநாடிகள் பெரிய மின்னோட்டம் கொடுக்கச் செய்தவை. ஆழமாக இறக்கி ஏற்றினால் சில மாதங்களில் செத்துவிடும். ஆழ்ந்து இறங்கும் வகை, அதாவது டீப் சைக்கிள் என்று கேட்டு வாங்க வேண்டும். அமிலம் ஊற்றும் உயரமான இன்வெர்ட்டர் பற்றரி மலிவாகக் கிடைக்கிறது என்று போட்டில் ஏற்றாதீர்கள். ஆட்டத்தில் அமிலம் சிந்தும், பாரமும் அதிகம். ஈயப் பற்றரி என்றால் மூடிய ஏஜிஎம் வகை.

ஈயப் பற்றரியில் பாதியைத்தான் பாவிக்கலாம். 100 அம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் உங்கள் கணக்கு 50. முழு வேகத்தில் 50 அம்பியர் இழுத்தால் ஒரு மணிநேரம், உண்மையில் அதைவிடக் குறைவு. வேகத்தைக் குறைத்து 15 அம்பியரில் ஓடினால் மூன்று மணிநேரத்துக்கு மேல். லித்தியம் இரும்பு பொஸ்பேற் பற்றரியில் 80 வீதத்துக்கு மேல் எடுக்கலாம். பாரமும் ஈயத்தில் பாதிக்குக் குறைவு. விலைதான் கையைச் சுடும். அதை வாங்கினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தொடர்ந்து எத்தனை அம்பியர் தாங்கும் என்று பாருங்கள். 50 அம்பியர் மோட்டருக்கு அந்த எண் 50க்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேவையான நேரத்தில் பற்றரி தானாகவே நின்றுவிடும்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வார்த்தை. கனடாவிலிருந்து மாமா மோட்டர் அனுப்பலாம், நல்லது. அங்கே வாங்கும் சார்ஜர் பல 120 வோல்டுக்கானவை. நமது 230 வோல்டில் செருகினால் அன்றோடு முடிந்தது. 100–240 என்று எழுதியிருந்தால் மட்டும் பயமில்லை. 100 அம்பியர்-மணி லித்தியம் பற்றரியைப் பயணப் பொதியில் கொண்டுவர விமான நிறுவனங்கள் விடா. அதை இங்கேயே வாங்க வேண்டும்.

படி 7: வயரும் பிரேக்கரும்

பற்றரியிலிருந்து மோட்டருக்கு 3 மீற்றர் தூரம் என்றால், போக வர 6 மீற்றர் வயர். 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் 50 அம்பியரில் 1.4 வோல்ட் வயரிலேயே சூடாகப் போய்விடும். 16 சதுர மில்லிமீற்றரில் அந்த இழப்பு 0.35 வோல்ட்தான். மோட்டரில் பலமில்லை என்ற குற்றச்சாட்டுகள் பல உண்மையில் மெல்லிய வயரின் குற்றம். வெள்ளீயம் பூசிய செப்புக் கம்பி கிடைத்தால் அதையே போடுங்கள், உப்புக் காற்றில் பச்சை பிடிக்காது.

பற்றரிக்குப் பக்கத்திலேயே 60 அம்பியர் டிசி பிரேக்கர் ஒன்று. வீட்டுக்குப் பூட்டும் ஏசி பிரேக்கர் சரிவராது. நேரோட்டத்தை வெட்டும்போது உள்ளே தீப்பொறி நின்று எரியும்.

படி 8: கடையில் நின்று பார்க்க வேண்டியவை

வேகக் கட்டுப்பாடு இரண்டு வகை. ஐந்து படியாக வேகம் மாற்றுவது பழைய முறை. குறைந்த வேகத்திலும் மின்சாரத்தைச் சூடாக வீணாக்கும். வேகத்தைத் தொடர்ச்சியாகக் கூட்டிக் குறைக்கும் மின்னணு வகை பற்றரியை மிச்சப்படுத்தும். கார்பன் பிரஷ், புரொபெல்லர், அதைப் பூட்டும் ஊசி (pin), சீல், துத்தநாகத் துண்டு ஆகியவை தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காத மோட்டர் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

பழையது வாங்குகிறீர்களா? ஒரு பீப்பாய் தண்ணீரில் விட்டு எல்லா வேகத்திலும் ஓட்டிப் பாருங்கள். ஐந்தாவது வேகம் மட்டும் வேலை செய்து கீழ் வேகங்கள் செத்திருந்தால் உள்ளே வேகச் சுருள் எரிந்திருக்கும். அப்புறம் புரொபெல்லரைக் கழற்றச் சொல்லுங்கள். அதன் பின்னால் தங்கூசி சுற்றியிருந்தால், அது சீலை வெட்டித் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்புண்டு. விற்பவர் கழற்ற மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

வாங்கியபின் முதல் ஓட்டம் உட்துறைமுகப் பக்கம், காலையில், கடற்படைப் பகுதிக்கு விலகி. அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வயர் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் அந்த இணைப்பு சரியில்லை, கழற்றி மறுபடி இறுக்க வேண்டும். கரைக்கு வந்ததும் மோட்டரைத் தூக்கிவிட்டுப் பற்றரி இணைப்பைக் கழற்றி, நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.