போன் இல்லாமல் பிள்ளையைச் சாப்பிட வைப்பது எப்படி?

கிளிநொச்சிப் பக்கம் முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறேன். "போன் காட்டாட்டி ஒரு வாய் வாங்கமாட்டான் ரீச்சர்" என்று சொல்லாத தாய்மார் குறைவு.

முதலில் வீட்டுப் பெரியவர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளையை மாற்றுவதைவிட இதுதான் கஷ்டம். அம்மா மறுக்க, அம்மம்மா இரக்கப்பட்டு இடைக்கிடை கொடுத்தால் பழக்கம் இன்னும் இறுகும். எப்போதாவது கிடைக்கும் பலன்தான் பழக்கத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலிகளிலும் புறாக்களிலும் காட்டினார்.

போனை நிறுத்தியதும் அழுகை கூடும், கோப்பையும் பறக்கலாம். அநேகமாக அது கொஞ்ச நாளைக்குத்தான். அந்த நேரம் பார்த்துக் கொடுத்தீர்களோ, 'இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும்' என்று படித்துக்கொள்வான். பொல்லாத கெட்டிக்காரர்கள்!

வெறுமனே பறித்தால் மட்டும் போதாது. இரண்டு வாய் புட்டு சும்மா உள்ளே போனாலும் அந்த நிமிஷமே, "நீயே எடுத்துச் சாப்பிட்டாய், பார்!" என்று செய்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். படுக்கப் போகும்போது சொன்னால் எதற்கென்று விளங்காது. பிறகு அரைக் கோப்பை, முழுக் கோப்பை என்று மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சாப்பிட்டு முடிய, வாய்க்கால் கரைக்கு எருமை பார்க்கக் கூட்டிப்போகலாம்.

1961இல் உளவியலாளர் பாண்டுரா செய்த பரிசோதனையில், பெரியவர் ஒருவர் பொம்மைக்கு அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள் பலர் தாங்களும் அப்படியே அடித்தார்கள். ஆகவே அப்பாவின் போனும் சாப்பாடு முடியும்வரை அலுமாரிக்குள் இருக்கட்டும். கனடா மாமா கோல் எடுத்தால்? பிறகு எடுக்கலாம், கோபிக்கமாட்டார்.