மண்ணுக்கும் கடலுக்கும் ஒரே மெட்டல் டிடெக்டர்: சென்னையில் வாங்குகிறவர்களுக்கு

"தண்ணீருக்குள் எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும்ணே?" மெட்டல் டிடெக்டர் வாங்க யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதும் அதுதான். சென்னைக் கடற்கரைக்கு வாங்குகிறவர் அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதலில் கேட்க வேண்டியது, உப்பு ஈரத்தில் இந்த மெஷின் சும்மா சும்மா கத்தாமல் இருக்குமா என்பதை.

திருவான்மியூரில் சப்மெர்சிபிள் மோட்டார்களுக்குக் காயில் கட்டுவது என் தொழில். டிடெக்டர் பொழுதுபோக்காக ஆரம்பித்தது. இப்போது பெசன்ட் நகர் பீச்சில் மோதிரம் தொலைத்தவர்கள் யார் மூலமாகவோ விசாரித்துக்கொண்டு கடைக்கு வந்து நிற்கிறார்கள். தண்ணீருக்குள் போகும் கரண்ட் சாமான் எதுவானாலும் முதலில் சீலைப் புரட்டிப் பார்க்கிற புத்தி தொழிலோடு வந்தது. ஆனால் டிடெக்டர் விஷயத்தில் சீலுக்கு முன்னால் காயிலைப் பார்க்க வேண்டும்.

தரையைத் தடவிப் போகும் அந்தத் தட்டுக்குள் இருப்பது காயில்தான். ஒரு காயில் காந்தப்புலத்தை அனுப்புகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் எழும். அதிலிருந்து திரும்பி வருவதை இன்னொரு காயில் பிடிக்கும். தங்கமா, வெள்ளியா, ஆணியா என்று மெஷின் ஊகிப்பது திரும்பி வருவதில் உள்ள தாமதத்தை வைத்து. அந்த ஊகத்தைத் திரையில் ஓர் எண்ணாகக் காட்டும்; வேண்டாத எண்ணுக்கு ஒலிக்காதபடி மறைத்தும் வைக்கலாம். இதில் என்ன சங்கடம் என்றால், கடல் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். ஒரே அலைவரிசையில் ஓடும் மெஷினை ஈர மணலில் வைத்தால், அலை ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஏதோ சிக்கியதுபோல் ஒலிக்கும். சென்சிடிவிட்டியைக் குறைத்தால் அடங்கும். கூடவே மண்ணுக்குள் தேடும் ஆழமும் போய்விடும். உப்புக்கான எண்ணை மட்டும் மறைத்துவிடலாமே என்று தோன்றும். பொடித் தோடு, மெல்லிய மோதிரம் இவையெல்லாம் திரையில் விழுவது அந்த எண்களுக்குப் பக்கத்தில்தான். உப்பை மறைத்தால் தோடும் மறையும்.

இதற்கு வழி, பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்பும் மெஷின். ஒவ்வொரு அலைவரிசைக்கும் உப்பு ஒரு மாதிரி பதில் சொல்லும், உலோகம் வேறு மாதிரி சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டு உப்பைக் கழித்துவிடும். இங்கேதான் ஏமாறுகிறார்கள். பெட்டியில் நான்கைந்து அலைவரிசைகள் போட்டிருக்கும். உள்ளே பார்த்தால் ஒரு நேரத்துக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். மைன்லேப் எக்ஸ்-டெர்ரா புரோ அந்த ரகம். 5 மீட்டர் ஆழம் தாங்கும்; ஆனால் ஓடுவது ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசை. ஏரிக்கும் வயலுக்கும் நல்ல மெஷின்தான். பெசன்ட் நகர் ஈர மணலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். "எல்லாம் ஒரே சமயத்தில் போகுமா?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள். "மாத்திக்கலாம் சார்" என்று பதில் வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

பல்ஸ் இண்டக்ஷன் என்று, காந்தப்புலத்தை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்பும் இன்னொரு ஜாதி உண்டு. காரெட் சீ ஹன்டர் அப்படிப்பட்டது, 60 மீட்டர் ஆழத்துக்குப் போகும். உப்பும் கருமணலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரித்துச் சொல்வதில் அது மந்தம். பஜ்ஜிக் கடைகள் போட்டுப் பிரித்த இடத்தில் அதை எடுத்துக்கொண்டு நடந்தால் பொழுதெல்லாம் ஆணி, ஹேர்பின், சோடா மூடி என்று தோண்டிக்கொண்டிருப்பீர்கள். கடல், தரை இரண்டுக்கும் ஒரே மெஷின் என்றால் இதை விட்டுவிடுங்கள்.

கருமணல் என்றேன். நம் கரையில் இல்மனைட், கார்னெட், மேக்னடைட் கலந்த கருப்புப் பட்டைகள் வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு நன்றாகத் தெரியும். காந்தத்தை நூலில் கட்டி இழுத்தால் மீசை முளைக்கும். அந்த இடத்தில் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணில் உள்ள தாதுக்களின் சிக்னலைக் கழிக்கும் வசதி, இல்லாத மெஷின் தடுமாறும். மெஷினே தானாகச் சரிசெய்துகொண்டாலும், கையால் திருத்தவும் வழி இருக்க வேண்டும்.

இப்போது ஆழத்துக்கு வருவோம். வெளிநாட்டு வீடியோக்களில் கடல் அரைக் கிலோமீட்டர் பின்வாங்கி, தரை பளபளவென்று கிடக்கும். இங்கே அது நடக்காது. சென்னையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களிலேயே சுமார் 1 மீட்டர்தான். அதனால் உங்களுக்குக் கிடைக்கும் ஈரப் பட்டை ஒடுக்கமானது. அதற்கு அப்பால் கால் வைத்ததும் சரிவு, உள்ளிழுப்பு. மெரினாவில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று குப்பத்து ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். முழங்கால் தண்ணீருக்கு மேல் போகாதீர்கள். முழங்கால் தண்ணீருக்கு 60 மீட்டர் மெஷின் எதற்கு? 3 மீட்டர் தாங்கினால் தாராளம்.

ஆனால் அந்த 3 மீட்டர் முழு மெஷினுக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள். காரெட் ஏஸ் 300, மைன்லேப் வான்குவிஷ் போன்றவற்றில் காயிலைத் தண்ணீரில் விடலாம்; மேலே கைக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி நனையக் கூடாது. விளம்பரத்தில் "வாட்டர்ப்ரூஃப் காயில்" என்று இருந்தால் காயில் மட்டும் என்றுதான் அர்த்தம். வான்குவிஷ் உப்பு மணலில் அருமையாக ஓடும், விலையும் அடக்கம். ஆனால் ஓர் அலை பின்னாலிருந்து வந்து இடுப்பில் அடித்தால் பெட்டி காலி. ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதற்கான தரக் குறியீடு. ஐபி67 என்றால் 1 மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். ஐபி68 என்றால் அதற்கும் மேல். எவ்வளவு மேல் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும், எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சோதனையெல்லாம் அசையாத நல்ல தண்ணீரில் நடப்பது. அலை அடிக்கிற வேகத்துக்கும், சீலில் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் சிக்கிய ஒரு மணல் துகளுக்கும் அந்த எண் பொறுப்பேற்காது.

சீலைப் பற்றி இன்னொன்று. மே மாதம் மத்தியான வெயிலில் மெஷின் கொதித்துக் கிடக்கும். உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி விரிந்திருக்கும். அப்படியே தண்ணீரில் முக்கினால் உள்காற்று சட்டென்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். சூடான மோட்டாரைக் கிணற்றில் இறக்கக் கூடாது என்று என் கடைப் பையனுக்கு நான் படித்துப் படித்துச் சொல்வது இதனால்தான். நிழலில் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு இறக்குங்கள். பேட்டரிக் கதவைப் பீச்சில் திறக்கவே வேண்டாம்.

எதைத் தேடப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். நம் ஊரில் தொலைவது கொலுசு, மெட்டி, மோதிரம், செயின், தோடு. வெள்ளிக் கொலுசு நன்றாகக் கத்தும், எந்த மெஷினும் பிடிக்கும். தங்கச் செயின் அப்படி இல்லை. மெஷின் செயினை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஐந்து பவுன் செயினும் கண்ணி மெல்லியதாக இருந்தால் லேசாக முனகிவிட்டு விட்டுவிடும். மாட்டுகிற கொக்கியோ, டாலரோ, தாலி உருவோ இருந்தால் அதுதான் காட்டிக்கொடுக்கும். மூக்குத்தி கிடைப்பது கடவுள் சித்தம். வீடியோக்களில் "தங்கம் இந்த எண்ணில் வரும்" என்று சொல்வதை அப்படியே நம்பாதீர்கள். அவர்கள் மோதிரம் 10, 14 காரட், நம்முடையது 22. கலப்பு குறையக் குறைய மின்சாரம் நன்றாகக் கடத்தும். அதனால் அதே அளவு மோதிரம் இங்கே கொஞ்சம் மேலே போய் நிற்கும்.

நாணயத்திலும் இந்த வித்தியாசம் உண்டு. இப்போதைய 1 ரூபாய், 2 ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரும்பை மறைத்து வைத்தால் அவையும் பெரும்பாலும் மறைந்துவிடும். எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் தருவது ஈயக்குண்டு. ஊரூர் குப்பம், நொச்சிக்குப்பம் பக்கம் வலையிலிருந்து அறுந்த ஈயம் மணலெங்கும் கிடக்கும். எண் அச்சு அசலாகத் தங்க மோதிரம். இதைப் பிரித்துச் சொல்லும் மெஷின் இன்னும் வரவில்லை, வந்ததாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். தூரத்திலிருந்தே தங்கத்தைக் காட்டும் ஆன்டெனாக் குச்சி வைத்த கருவிகளையும் அப்படியே ஒதுக்கிவிடுங்கள். இரிடியம் கலசம் விற்கிற கூட்டத்தின் ஒன்றுவிட்ட தம்பி அது.

தரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. துறைமுக வேலை 1876இல் ஆரம்பித்த பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அவ்வளவு அகலமானது. அந்தக் காய்ந்த மணல் பரப்பே தரைதான், எந்த மெஷினும் ஓடும். செங்குன்றம் பக்கத்துச் செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம், அங்கே கிரவுண்ட் பேலன்ஸ் கைகொடுக்கும். மண்ணுக்குள் போன கேட்வால்வு, மூடிப்போன சம்ப் மூடி, ஜிஐ பைப் லைன் இதையெல்லாம் தேட என் தொழிலுக்கும் மெஷின் உதவுகிறது. காயில் வாங்கும்போது டபுள்-டி (D வடிவக் காயில்கள் இரண்டு சேர்ந்தது) வகையாக 11 அங்குலம் போதும். அதைவிடப் பெரியது தண்ணீரில் இழுக்கவே தோள் விட்டுப்போகும்.

ஹெட்போன் பலரும் மறக்கிற விஷயம். ப்ளூடூத் தண்ணீருக்குள் வேலை செய்யாது. அந்த அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும். காயிலுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒயரே இல்லாத எக்ஸ்பி டியூஸ் 2 மெஷினுக்கும், 20 மீட்டர் தாங்கும் என்றாலும், முக்கும்போது தனி ஆன்டெனா ஒயர் மாட்ட வேண்டும். அலைச் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காது. ஒயர் வைத்த வாட்டர்ப்ரூஃப் ஹெட்போன் கூடவே வருகிறதா, தனிக் காசா என்று கேளுங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: ஒரே மெஷின், கடலும் தரையும் என்றால் நோக்டா லெஜண்ட் அல்லது மைன்லேப் ஈக்வினாக்ஸ். இரண்டும் பல அலைவரிசைகளை ஒரே நேரத்தில் அனுப்புகிற ரகம். ஈக்வினாக்ஸ் 800 ரகம் 3 மீட்டர், 900 ரகம் 5 மீட்டர். ஈக்வினாக்ஸில் பீச் 1 என்ற செட்டிங் காய்ந்த, ஈர மணலுக்கு. பீச் 2 அலைக்குள் போவதற்கு, அதில் மெஷினே தன் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பணம் போதவில்லை என்றால் நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ், 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசை, முழுதும் நனையலாம்; நல்ல தண்ணீர், காய்ந்த மணல் இரண்டிலும் குறை சொல்ல முடியாது, ஈர உப்பு மணலில் பொறுமை வேண்டும். காரெட் ஏடி புரோவுக்கும், 15 கிலோஹெர்ட்ஸ், இதே தீர்ப்பு.

காசு கொடுக்கும் முன் சோதனை. கடைக்குள் காற்றில் மோதிரத்தை ஆட்டிக் காட்டுவார்கள். அதனால் ஒன்றும் தெரியாது. பீச்சுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு சின்ன மோதிரத்தில் தூண்டில் நரம்பைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சோதனைக்கே மோதிரம் போய்விடும். அலை தொட்டுப் போகும் இடத்தில் ஒரு ஜாண் ஆழத்தில் புதையுங்கள். முதலில் வெறும் மணலில் மெஷின் அமைதியாக இருக்கிறதா பாருங்கள். பிறகு மோதிரத்தின் மேல் ஓட்டுங்கள். கரைக்கு இணையாக நடந்து ஓட்டுங்கள். காய்ந்ததிலிருந்து ஈரத்துக்குக் குறுக்கே ஓட்டினால் நல்ல மெஷினும் உளறும். வாரண்டி யார் தருகிறார்கள், சர்வீஸ் எந்த ஊரில் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

எங்கே ஓட்டக் கூடாது என்பதும் வாங்குவதில் சேர்த்தி. மாமல்லபுரம், பழவேற்காடு டச்சுக் கல்லறை, சதுரங்கப்பட்டினம் கோட்டை பக்கம் மெஷினைக் காரிலிருந்து எடுக்கவே வேண்டாம். தொல்லியல் துறை பாதுகாத்து வைத்திருக்கும் இடங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்து கிடைத்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறும் என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நேற்று ஒருவர் தவறவிட்ட மோதிரம் உரியவருடையது, நீங்கள் பத்திரமாக வைத்திருந்து ஒப்படைக்க வேண்டியவர். மெரினாவில் ஓட்டுவதென்றால் ஸ்டேஷனில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நீலாங்கரையிலிருந்து மெரினா வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும். அந்த மாதங்களில் இரவில் டார்ச்சோடு போகாதீர்கள், அலை தொடாத மேட்டு மணலைத் தோண்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கடலோர வீடுகளில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவதும் கழுவாததும் ஒன்று. மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி போதும். காயில் மேல் மாட்டிய கவரைக் கழற்றி உள்ளே தேங்கிய மணலைக் கொட்டுங்கள், கருமணல் அங்கே தங்கினால் அதுவே சிக்னல் தரும். தண்டின் பூட்டுகளையும் திறந்து அலசுங்கள். ஓ-ரிங்கில் சிலிக்கான் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

மணல் அள்ளும் கரண்டியை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டாம். கிண்டியிலோ அம்பத்தூரிலோ எந்த வெல்டிங் பட்டறையிலும் செய்து தருவார்கள். 316 கிரேடு ஸ்டெயின்லெஸ் தகடு, ஓட்டை 8 மில்லிமீட்டர் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் போனால் மெட்டி நழுவிவிடும்.