படகு டீசல் இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லையா? டீசல் குழாயில் புகுந்த காற்றைத் (ஏர்) தேடுங்கள்

சாவியைத் திருப்பினால் இரண்டில் ஒன்று நடக்கும். செல்ஃப் சுற்றாது, அல்லது செல்ஃப் நன்றாகச் சுற்றும், இன்ஜின் மட்டும் பற்றாது. இதில் எது என்று தெரியாமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

இங்கே சொல்வதெல்லாம் கடல் தண்ணீரில் குளிரும், பழைய மெக்கானிக்கல் பம்ப் வைத்த சின்ன இன்ஜினுக்கு. காமன் ரெயில் இன்ஜினில் (மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும் புது வகை) நாசிலுக்கு, அதாவது சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனைக்கு, போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தவே கூடாது.

செல்ஃப் சுற்றவில்லை என்றால்

கியர் நியூட்ரலில் இருக்கிறதா பாருங்கள். பல படகுகளில் கியர் விழுந்திருந்தால் செல்ஃப் வேலை செய்யாது. அடுத்தது பேட்டரி. முழு சார்ஜில் இருக்கும் 12 வோல்ட் பேட்டரி, சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் அளவில் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது அது 10-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகப்படுங்கள். பேட்டரியில் வோல்ட் இருந்தும் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால், பெரும்பாலும் டெர்மினலில் களிம்பு. கழற்றித் தேய்த்து மாட்டுங்கள்.

செல்ஃப் அடிக்கும் முன்

இதைப் பலர் சொல்வதில்லை. இன்ஜின் சுற்றும்போதெல்லாம் தண்ணீர் பம்பும் சுற்றும்; அது இழுக்கும் கடல் தண்ணீர் புகைக் குழாய் வழியாகத்தான் வெளியேறும். இன்ஜின் பற்றினால் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பற்றாவிட்டால் சைலன்சர் நிரம்பி, தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே ஏறலாம். அதற்குப் பிறகு இன்ஜினைப் பிரிப்பதுதான் வேலை. அதனால் பலமுறை செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் கடல் தண்ணீர் வால்வை மூடுங்கள். இன்ஜின் பற்றிய அதே நொடியில் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் (இம்பெல்லர்) போய்விடும். வால்வை மூடியபடியே வேலையை நிறுத்தினால், திறக்க மறக்காமலிருக்க நான் சாவியை வால்வு கைப்பிடியில்தான் மாட்டி வைப்பேன். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள்.

சுற்றுகிறது, பற்றவில்லை

இன்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் இழுத்தபடியே நிற்கிறதா? சிரிக்காதீர்கள், இதுதான் காரணமாக இருப்பது உண்டு. அது சரி என்றால் புகையைப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை; சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைச் சோதியுங்கள். புகையே இல்லை என்றால் டீசல் போகவில்லை. டேங்க், டீசல் வால்வு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் என்று வரிசையாகப் பாருங்கள். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் தண்ணீரோ கறுப்புச் சளி போன்ற அழுக்கோ இருந்தால் வடித்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள்.

ஏர் எடுப்பது

டீசல் பாதையில் காற்று புகுந்திருந்தாலும் டீசல் ஒழுங்காகப் போகாது; அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும். என்னை அதிகம் இழுத்தடித்த இடம் இதுதான். இன்ஜினில் உள்ள ஃபில்டரின் தலையில் ஒரு சின்ன ஸ்குரூ இருக்கும். அதைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கை லீவரை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி இல்லாத டீசல் வரும்; அடித்துக்கொண்டே ஸ்குரூவை இறுக்குங்கள். அப்புறம் நாசிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் இன்ஜெக்ஷன் பம்பின் ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள். கடைசியாக நாசில் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். கை தள்ளியே இருக்கட்டும். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, டீசல் வரவில்லை என்றால் பம்ப் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உள்ளே பம்பை இயக்கும் மேடு (கேம்) பம்பை ஏற்கெனவே தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கும். இன்ஜினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள், லீவரில் பிடிப்பு வரும்.

நுரை நிற்கவே இல்லையா? டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. அது உறிஞ்சும் பக்கம் என்பதால் வெளியே ஒரு சொட்டு டீசல்கூடக் கசியாமல் இருக்கலாம். கசிவைத் தேடிப் பயனில்லை. ஒரு கேனில் சுத்தமான டீசலை எடுத்து, புது ஹோஸ் ஒன்றை நேராக ஃபீட் பம்பில் மாட்டிப் பாருங்கள். நுரை நின்றால் பழுது டேங்க் பக்கத்தில். ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையத்திலிருந்து தொடங்கித் தேடுங்கள்.

கருவிகளில் எனக்குப் பிடித்தது ரிங் ஸ்பானர். ஏர் ஸ்குரூக்கள் மென்மையானவை, அட்ஜஸ்டபிள் ஸ்பானர் அவற்றின் தலையை மழுக்கிவிடும். மல்டிமீட்டர் மலிவானதே போதும். இன்ஜினைப் பற்றவைக்க அடிக்கும் ஈதர் ஸ்பிரே என் பெட்டியில் கிடையாது. சூடான ஹீட்டர் பிளக்கோடு சேர்ந்தால் இன்ஜினையே உடைத்துவிடும்.

பின்சேர்க்கை: "ஏர் எடுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நிற்கிறது" என்று சிலர் கேட்டிருந்தார்கள். நின்றதும் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்தால் டேங்கின் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. குளவி கட்டிய மண்கூடுகூடப் போதும். அப்படி இழுக்கவில்லை என்றால் டேங்கில் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றிப் பாருங்கள். அதன் நுனியில் சின்ன வலை இருந்தால், அழுக்கு அங்கேதான் சேரும்.