கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்வது எப்படி?

கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை என்றதும் பலரும் அந்தக் குழாயை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். என் கவலை எல்லாம் முந்தைய இரவையும் அன்றைய விடியற்காலையையும் பற்றியது. மலக்குடலில் தொடக்கநிலைப் புற்றுநோய் எப்போதும் கட்டியாகத் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. சில நேரம் சவ்வோடு சவ்வாகத் தட்டையாகப் படர்ந்திருக்கும். லேசான சிவப்பும், அந்த இடத்தில் மட்டும் ரத்தநாளக் கோடுகள் மங்கியிருப்பதும்தான் அடையாளம். மேலே மெல்லிய மஞ்சள் சளி படிந்திருந்தாலே கண்ணுக்குத் தப்பிவிடும்.

படி 1: ஒரு வாரம் முன்பு

சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கருப்பாக்கி ஒட்டவைக்கும். அதைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. சிறுநீரகக் கோளாறு, இதய நோய், நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். குடலைச் சுத்தம் செய்ய எந்த மருந்து, எவ்வளவு என்பது அதைப் பொறுத்து மாறும்.

படி 2: முந்தைய நாள்

விதை, கொட்டை, கீரை, தவிடு நீக்காத தானியம் வேண்டாம். சிவப்பு, ஊதா நிற பானங்களும் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும்.

படி 3: மருந்து குடிப்பது

பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியைத்தான் தருவார்கள். அது உடலில் சேராமல் தண்ணீரைக் குடலிலேயே பிடித்துவைத்து, எல்லாவற்றையும் அலசிக்கொண்டு வெளியேறும். மொத்தம் 2 முதல் 4 லிட்டர். பாதியை முந்தைய மாலையிலும், மீதியைப் பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு தொடங்கியும் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் முன்பாவது முடித்துவிடுங்கள்.

"ராத்திரியே நன்றாகப் போய்விட்டதே" என்று இரண்டாவது பாதியை விட்டுவிடுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் சளியும் இறங்கிப் பெருங்குடலில் மறுபடி பூசிக்கொள்ளும். அந்தப் பூச்சை விடியற்காலை மருந்துதான் கழுவும்.

குளிரவைத்து, 10, 15 நிமிடத்துக்கு ஒரு தம்ளராகக் குடித்தால் குமட்டல் குறையும். வாந்தி நிற்காவிட்டாலோ வயிறு கடுமையாக வலித்தாலோ உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

படி 4: வெளியேறுவதைப் பாருங்கள்

கடைசியில் சிறுநீர் போலத் தெளிந்த மஞ்சளாக வர வேண்டும். கலங்கலாகப் பழுப்பாக வந்தால் பரிசோதனைக்கு முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

படி 5: உள்ளே நடப்பது

பெருங்குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சுத்தத்துக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் தருவதே பாஸ்டன் அளவுகோல். ஒவ்வொரு பகுதியும் குறைந்தது 2 பெற வேண்டும். குழாயை வெளியே எடுக்கும்போதுதான் உற்றுப் பார்ப்பார்கள். அதற்குக் குறைந்தது 6 நிமிடம். ஆசனவாய்க்குச் சற்று மேலே, குடலின் உள்ளே மறைந்திருக்கும் இடத்தைப் பார்க்கக் குழாயின் நுனியைப் பின்பக்கமாக வளைப்பதும் உண்டு. சந்தேகமான இடத்தில் இண்டிகோ கார்மைன் என்ற நீலச் சாயத்தைத் தெளித்தால் தட்டைப் புண்ணின் விளிம்பு துலங்கும். புற்று மேற்புறச் சவ்வோடு நின்றிருந்தால், வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் எனும் இந்தக் குழாய் வழியாகவே எடுத்துவிடலாம்.

அறிக்கையில் "சுத்தம் போதவில்லை" என்று இருந்தால், "ஒன்றும் தெரியவில்லை" என்ற வரியை நம்பி இருந்துவிடாதீர்கள். மறுபரிசோதனை எப்போது என்று அன்றே கேட்டு, தேதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.