பலவீனமான போட்டியாளர்கள் ஒரு வெளியாளை எப்படி வேட்பாளராக்குகிறார்கள்? 2016ஐ வைத்து ஒரு செய்முறை விளக்கம்

2016ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராக டொனால்ட் டிரம்ப் வந்த கதையை, “பதினேழு பேர் நின்றார்கள், ஓட்டு சிதறியது, அவர் ஜெயித்தார்” என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரியில் பொய் இல்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. ஓட்டைப் பிரிக்க ஆள் எண்ணிக்கை மட்டும் போதாது; ஜெயிக்கும் அளவுக்குப் பலமும் இல்லாமல், ஒதுங்கிப் போகும் அளவுக்குப் பலவீனமும் இல்லாமல் சிலர் நடுவில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அது நடந்த விதத்தை, அமெரிக்கத் தேர்தல் முறை தெரியாதவர்களும் தாங்களே கணக்குப் போட்டுப் பார்க்கும்படி எழுதியிருக்கிறேன். ஒரு தாளும் பேனாவும் போதும்.

படி 1: எதை எண்ணுவது?

உட்கட்சித் தேர்தலில் மக்கள் மாநிலம் மாநிலமாக வெவ்வேறு நாள்களில் ஓட்டுப் போட்டாலும், வேட்பாளரைத் தீர்மானிப்பவர்கள் கட்சி மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகள்தான். 2016இல் குடியரசுக் கட்சியில் மொத்தம் 2,472 பிரதிநிதிகள். பாதிக்கு மேல், அதாவது 1,237 பேர் கிடைத்தால் வெற்றி. ஆகவே தாளில் ஓட்டுச் சதவீதத்துக்கு ஒரு பத்தி, பிரதிநிதிகளுக்கு ஒரு பத்தி எனத் தனித்தனியாகப் போடுங்கள். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் நாம் தேடும் விஷயம் இருக்கிறது.

படி 2: ஒரு மாநிலத்தை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்

பிப்ரவரி 9ஆம் தேதி நடந்த நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலை எடுத்துக்கொள்வோம். டிரம்ப்புக்கு 35 சதவீதம். அவருக்கு அடுத்து வந்த ஜான் கேசிக்குக்குச் சுமார் 16. டெட் குரூஸுக்கு ஏறத்தாழ 12. ஜெப் புஷ்ஷுக்கும் மார்கோ ரூபியோவுக்கும் ஏறக்குறைய 11 வீதம். கிறிஸ் கிறிஸ்டிக்கு 7. இவர்களில் குரூஸைத் தவிர்த்த நால்வரும் கட்சித் தலைமைக்கு ஏற்புடைய, ஏறத்தாழ ஒரே வகை வாக்காளரை நம்பி நின்றவர்கள். நால்வரின் ஓட்டையும் கூட்டினால் 45 வருகிறது, அதாவது டிரம்ப்பைவிடப் பத்து அதிகம்.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. அந்த 45 சதவீதமும் ஒருவருக்கே அப்படியே போயிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கிறிஸ்டிக்குப் போட்டவரின் இரண்டாவது விருப்பம் டிரம்ப்பாகவே இருந்திருக்கலாம். கிறிஸ்டியே சில நாள்களில் டிரம்ப் பக்கம் போய்ச் சேர்ந்தார். எனவே இந்தக் கூட்டுத்தொகையை மேல் எல்லையாக மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: விதியைப் படியுங்கள்

பலர் தாண்டிப் போய்விடும் படி இது; எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். பிப்ரவரி 20ஆம் தேதி தென் கரோலினாவில் டிரம்ப் பெற்றது 32.5 சதவீதம். ரூபியோவுக்கு 22.5, குரூஸுக்கு 22.3. மூன்றில் ஒரு பங்குகூட முழுதாக வராத டிரம்ப்புக்கு அந்த மாநிலத்தின் 50 பிரதிநிதிகளும் கிடைத்தார்கள். எப்படி என்றால், 29 பேர் மாநில அளவில் முதலிடம் பெற்றவருக்கு. மீதி 21 பேர் ஏழு நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மூன்று பேர் வீதம், அந்தந்தத் தொகுதியில் முதலிடம் பெற்றவருக்கு. ஏழிலும் டிரம்ப் முதலில் வந்தார். இரண்டாமிடத்துக்கு இருவர் சரிக்குச் சரியாக மோதிக்கொண்டதன் பலன், இருவருக்கும் பூஜ்யம்.

ஓட்டு விகிதப்படி பிரதிநிதிகளைப் பங்கிடும் விகிதாசார விதி உள்ள மாநிலங்களிலும் பொறி இருந்தது. மார்ச் 1ஆம் தேதி அலபாமாவில், மாநில அளவிலான பங்கு வேண்டுமானால் 20 சதவீதம் தாண்ட வேண்டும் என்பது விதி. ரூபியோ 18.7இல் நின்றார். அங்கிருந்த 50 பிரதிநிதிகளில் டிரம்ப்புக்கு 36, குரூஸுக்கு 13, ரூபியோவுக்கு ஒன்றே ஒன்று. ஐந்தில் ஒரு பங்கு ஓட்டை நெருங்கியவருக்கு ஐம்பதில் ஒரு பங்கு பிரதிநிதிகள்! மார்ச் 15 முதல் வென்றவருக்கே அனைத்தும் என்ற முறையை மற்ற மாநிலங்களும் வைத்துக்கொள்ளலாம் என்றும் கட்சி அனுமதித்திருந்தது. முன்னணி வேட்பாளர் சீக்கிரம் முடித்துக்கொள்ளட்டும் என்பதற்காக உண்டான ஏற்பாடு அது. அந்த முன்னணி வேட்பாளர் யாராக இருப்பார் என்பதைத்தான் கட்சி எதிர்பார்க்கவில்லை.

படி 4: ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே “ஏன் விலகவில்லை?” என்று எழுதுங்கள்

புஷ்ஷிடம் பணம் இருந்தது. வேட்பாளரின் சொந்தப் பிரசாரக் குழுவிலிருந்து சட்டப்படி விலகி நின்று, வரம்பில்லாமல் நிதி திரட்டும் “சூப்பர் பேக்” என்ற வகை அமைப்பு ஒன்று அவருக்காக 10 கோடி டாலருக்கு மேல் சேர்த்திருந்தது. அவ்வளவு பணத்தை வைத்துக்கொண்டு, முதல் தோல்வியில் மூட்டை கட்ட யாருக்கும் மனம் வராது. கேசிக்குக்கு அவர் ஆளுநராக இருந்த ஒஹாயோ என்ற நம்பிக்கை. ரூபியோவுக்கு, முதன்முதலில் ஓட்டுப் பதிவு நடந்த மாநிலமான அயோவாவில் 23 சதவீதத்தோடு கிடைத்த மூன்றாமிடம். குரூஸுக்கு அதே அயோவாவில் கிடைத்த வெற்றி.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுக் கணக்கு இருந்தது: டிரம்ப் தானாகச் சரிவார், அன்று களத்தில் மிஞ்சியிருப்பவருக்கே அவருடைய ஓட்டும் வரும். தனித்தனியாகப் பார்த்தால் இது புத்திசாலித்தனம்தான். எல்லோரும் சேர்ந்து இதையே நினைத்ததால்தான் யாரும் நகரவில்லை.

படி 5: யார் யாரை அடித்தார்கள் என்று அம்புக்குறி போடுங்கள்

2015 முழுவதும் குரூஸ் டிரம்ப்பைப் பெரும்பாலும் தொடவே இல்லை. புஷ்ஷுக்கான அமைப்பு, போட்டியாளர்களைத் தாக்கும் விளம்பரங்களுக்குச் செலவிட்ட பணத்தில் பெரும்பங்கு ரூபியோவைத் தாக்கப் போனது. இருவரும் ஃபுளோரிடாக்காரர்கள், நன்கொடையாளர் வட்டமும் ஏறத்தாழ ஒன்றே.

பிப்ரவரி 6ஆம் தேதி நடந்த விவாத மேடைதான் இதில் உச்சம். மனப்பாடம் செய்த வரிகளையே ரூபியோ ஒப்பிக்கிறார் என்று கிறிஸ்டி குத்த, அதற்குப் பதிலாகவும் ரூபியோ ஒபாமாவைப் பற்றிய அதே வரியைத் திரும்பச் சொன்னார்; கிறிஸ்டி அதையும் அங்கேயே சுட்டிக்காட்டினார். மூன்று நாள் கழித்து ரூபியோவுக்குக் கிடைத்தது ஐந்தாமிடம், கிறிஸ்டிக்கு ஆறாமிடம். மறுநாள் கிறிஸ்டி போட்டியிலிருந்து விலகினார். பிப்ரவரி 26இல் டிரம்ப்புக்கு ஆதரவு அறிவித்தார். உங்கள் தாளில் டிரம்ப்பை நோக்கி எத்தனை அம்பு போகிறது என்று இப்போது எண்ணிப் பாருங்கள்.

படி 6: கைகோத்த தேதியைக் குறியுங்கள்

மார்ச் 3இல்தான், 2012இல் அக்கட்சியின் அதிபர் வேட்பாளராக இருந்த மிட் ராம்னி, ஃபுளோரிடாவில் ரூபியோவுக்கும் ஒஹாயோவில் கேசிக்குக்கும் ஓட்டுப் போடச் சொன்னார். மார்ச் 15இல் கேசிக் ஒஹாயோவின் 66 பிரதிநிதிகளை வென்றார். ஃபுளோரிடாவின் 99 பேரும் டிரம்ப்புக்குப் போக, ரூபியோ அன்றிரவே விலகினார். ஏப்ரல் 24இல் குரூஸும் கேசிக்கும் மாநிலங்களைப் பங்கிட்டுக்கொண்டு, இண்டியானாவைக் குரூஸுக்கு விடுவதாக அறிவித்தார்கள். அடுத்த நாளே கேசிக், இண்டியானாவில் உள்ள தம் ஆதரவாளர்கள் தமக்கே போட வேண்டும் என்றார். மே 3இல் அங்கே டிரம்ப்புக்கு 53 சதவீதம். குரூஸின் 37ஐயும் கேசிக்கின் 8ஐயும் கூட்டினாலும் எட்டவில்லை. பிப்ரவரியில் செல்லுபடியான கணக்கு மே மாதத்தில் காலாவதியாகியிருந்தது. ஏப்ரல் 19 நியூயார்க் வரை எந்த மாநிலத்திலும் பாதியைத் தொடாதவர், அதன் பிறகு கட்சிக்காரர்களுக்கே பழகிப்போன பெயராகிவிட்டார்.

படி 7: வேறொரு தேர்தலில் சோதியுங்கள்

2020இல் ஜனநாயகக் கட்சியில், சுயேச்சை செனட்டரான பெர்னி சாண்டர்ஸ் முன்னணியில் இருந்தார். பிப்ரவரி 29இல் தென் கரோலினாவில் ஜோ பைடன் வென்றதும், பீட் புட்டிஜெஜ் மறுநாளும், ஏமி குளோபுச்சர் அதற்கடுத்த நாளும் விலகி, டல்லாஸ் நகரில் பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். மார்ச் 3இல் 14 மாநிலங்களில் பத்து பைடனுக்கு. அவற்றுள் குளோபுச்சரின் சொந்த மாநிலமான மினசோட்டாவும் ஒன்று.

அதே நாளில் மாசசூசெட்ஸில் பைடனுக்கு 33 சதவீதத்துக்குச் சற்று மேல். சாண்டர்ஸுக்கு ஏறத்தாழ 27. அந்த மாநிலத்தின் செனட்டரும், கொள்கையில் சாண்டர்ஸுக்கு நெருக்கமானவருமான எலிசபெத் வாரனுக்கு 21 சொச்சம். வாரன் மார்ச் 5இல்தான் விலகினார். இரண்டாம் படியை இந்த எண்களுக்குப் போட்டுப் பாருங்கள். அங்கே சொன்ன மேல் எல்லை எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.