கனடா ஊசி, மோர்பின், அம்மாவுக்குச் சொல்லாத நோய்: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

யாழ்ப்பாணத்தில் புற்றுநோயோடு ஒருவர் படுக்கையில் கிடந்தால், ரொறொன்ரோவில் இருந்து கட்டாயம் ஒரு தகவல் வரும்: "இங்கை டொக்டர்மாரே ஊசி போட்டு அனுப்பிவிடுவினம்." அதை வைத்து இங்கே முடிவெடுக்கத் தொடங்குவதுதான் முதல் தவறு.

கடும் நோயாளி தானே கேட்டால் மருத்துவ உதவியோடு உயிரை முடித்துக்கொள்வது கனடாவில் 2016 முதல் சட்டபூர்வம், உண்மைதான். ஆனால் நோயாளிக்கு 18 வயதாகியிருக்க வேண்டும், தெளிந்த மனதோடு அவரே எழுத்தில் கேட்க வேண்டும், மருத்துவத் துறையினர் இருவர் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்ப வேண்டும். பிள்ளைகள் அவருக்காக முடிவெடுக்க முடியாது. அந்நாட்டு அரச மருத்துவ வசதிக்கு உரியவருக்கே அது கிடைக்கும்; விசிட் விசாவில் போகிறவருக்கு இல்லை. இலங்கையில் சட்டம் இதை அனுமதிக்கவில்லை.

எல்லாவற்றையும் 'கருணைக்கொலை' என்று ஒரே பெயரில் அழைப்பது அடுத்த குழப்பம். இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்தது, மீளமுடியாத நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதைத்தான். ஊசி போட்டு உயிரை எடுப்பதை அல்ல.

கடும் நோவுக்குக் கொடுக்கும் மருந்தான மோர்பின் என்றதும் "கதை முடிஞ்சுது" என்று அழுகிறோமே, அதுதான் எனக்குப் பெரிய கவலை. சரியான அளவில் தொடங்கி, தேவைக்கேற்பக் கூட்டிக் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள். நோ வரட்டும் என்று காத்திருக்காமல் மணிக்கணக்குப்படி கொடுங்கள்.

என் பெரியம்மா இரவிரவாக, "முருகா, என்னைக் கொண்டு போ" என்பார். சாக ஆசைப்படுகிறார் என்றே நினைத்தோம். "அவவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று நோயின் பெயரையே மறைத்திருந்தோம், அதனால் ஒன்றும் கேட்கவும் பயம். ஒருநாள் அக்காதான் துணிந்து கேட்டாள்: "பெரியம்மா, என்ன செய்யுது?" இரவு எட்டு மணிக்குப் போடும் நோக் குளிசையின் வேகம் விடியுமுன் விட்டுப்போய், நோ திரும்பி வருகிறதாம். டொக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றினோம். அதற்குப் பிறகு அந்த மன்றாட்டு மிகவும் குறைந்துவிட்டது. நோயின் பெயரும் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. எங்களுக்காகத்தான் தெரியாத மாதிரி இருந்திருக்கிறார்.

"சாகவேணும்" என்று ஒருவர் சொன்னால் அதட்டாதீர்கள். நோவா, மூச்சு முட்டலா, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிட்டேன் என்ற எண்ணமா என்று பக்கத்தில் இருந்து கேளுங்கள். மறுமுறை கிளினிக் போகும்போது அதை அப்படியே டொக்டரிடம் சொல்லுங்கள். மனம் உடைந்துபோனவருக்கு, பராமரிக்கிற உங்களுக்கும்தான், இலங்கையில் 1926 என்ற தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது.