எலெக்‌ஷன்ல முறுக்கிக்கிட்ட சித்தப்பாவை சமாதானம் பண்றது எப்படி

ரிசல்ட் அன்னிக்கு நீங்க போட்ட மீம பாத்துட்டு சித்தப்பா ஃபேமிலி வாட்ஸப் குரூப்ப விட்டு லெஃப்ட் ஆயிட்டாரா, உடனே திரும்ப ஆட் பண்ணாதீங்க, எல்லாரும் பாக்க உள்ள வர்றது அவருக்கு மானப் பிரச்சினை. மெசேஜும் வேணாம், போன் போடுங்க. சுகர் எப்படி இருக்கு, மோட்டார் ரிப்பேர் ஆச்சான்னு ஆரம்பிங்க, எடுத்த எடுப்புல கட்சி பேர இழுக்காதீங்க, "நீங்க சொன்னதுதான் சரி"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, மனுஷனுக்குத் தெரியாதா என்ன. "அந்த மீம போட்டது தப்பு சித்தப்பா", அவ்ளோதான், கூட ஒரு "ஆனா" வந்துச்சுன்னா மறுபடி மொதல்ல இருந்து.

1972ல எம்ஜிஆர் திமுகவுல இருந்து நீக்கப்பட்டு வெளிய வந்து அதிமுக ஆரம்பிச்சப்பவே அண்ணன் ஒரு கொடி தம்பி ஒரு கொடின்னு நின்ன வீடுங்க உண்டு, நமக்கு இது புதுசில்ல.

ஆனா சாதிய, மதத்த இழுத்து திட்டியிருந்தா அது கட்சி சண்டையே இல்ல, நேர்ல போய் மன்னிப்பு கேக்கணும், அவங்க உடனே பேசலன்னா அது அவங்க உரிமை.

ஃப்ரெண்ட்ஸ்னா ஈசி, டீக்கடைக்கு கூப்புடுங்க, காசு நீங்க குடுங்க.

அடுத்த ரிசல்ட்டுக்கு முந்தின நாளே குரூப்ல அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி செட்டிங்க மாத்திடுங்க.